சொந்தக் கையால் சமைத்தது

வெங்காயத்தை எந்தப் பக்கத்திலிருந்து உரிக்க ஆரம்பிப்பது என்று தெரியாமல், அதைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார் பஞ்சு. தலைப் பக்கமா, வால் பக்கமா? முதலில் இதற்குத் தலை எது, வால் எது?

"ஏங்க, நான் வேணா வரட்டுமா?" என்று ஹாலிலிருந்து மனைவி குரல் கொடுத்தாள்.

"வேண்டாம், வேண்டாம். எல்லாம் கன்ட்ரோல்லதான் இருக்கு."

பஞ்சு என்பது அவர் பெயரல்ல, பட்டம். மெத்தை தயாரிக்கும் கம்பெனி ஒன்றில் புகார்ப் பிரிவைப் பார்த்துக்கொண்டிருந்தார். "உங்க மெத்தையில படுத்து என் இடுப்பே போச்சுய்யா!" என்று போனில் கத்துகிறவர்கள்கூட அவரிடம் கொஞ்ச நேரம் பேசிவிட்டால், "பரவாயில்ல சார், என் இடுப்பு முன்னாடியே கொஞ்சம் அப்படித்தான்" என்று இறங்கி வந்துவிடுவார்கள். எப்பேர்ப்பட்ட கோபம் வந்து விழுந்தாலும் சத்தமில்லாமல் உள்ளே வாங்கிக்கொள்வார். அதனால் பஞ்சு.

வெங்காய விவகாரத்துக்குக் காரணம், கம்பெனிக்குப் புதிதாக வந்திருந்த நிர்வாகி மேடம். வந்த வாரமே எல்லோரையும் மீட்டிங் ஹாலில் உட்காரவைத்து மனம் உருகப் பேசினார்.

"நாம எல்லாரும் ஒரு விரலால போனைத் தட்டி சாப்பாடு வரவழைக்கிறோம். கையால சமைக்கிறதையே மறந்துட்டோம். பக்கத்து சீட்ல இருக்கிறவர் என்ன சாப்பிடுறார்னுகூட நமக்குத் தெரியாது. இனிமே ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் நம்மள்ல ரெண்டு மூணு பேர் சொந்தக் கையால சமைச்சு எல்லாருக்கும் கொண்டு வரணும். மனைவி சமைச்சது, அம்மா சமைச்சதெல்லாம் செல்லாது. கடைச் சாப்பாடு பேச்சே கூடாது. பிடிபட்டா வருஷக் கடைசி மதிப்பீட்டுல நானே குறிச்சு வைப்பேன்."

எல்லோரும் பலமாகக் கை தட்டினார்கள். வருஷக் கடைசி மதிப்பீடு என்ற வார்த்தை காதில் விழுந்தால் எந்தக் கையும் தானாகவே தட்டும்.

அன்று மாலை வீட்டில் இதைச் சொன்னபோது, "பாவம், நீங்க என்ன பண்ணுவீங்க? நான் சொல்லித் தரேன்" என்றாள் மனைவி. அத்தோடு வாயை மூடியிருக்கலாம். பஞ்சு மூடவில்லை.

"சமையல்ல என்ன பெரிய வித்தை இருக்கு? அடுப்பைப் பத்த வைக்கணும், போடணும், கிண்டணும், இறக்கணும். அவ்வளவுதானே?"

மனைவி டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவள். லாரி எதிரே வந்தால் ஸ்டியரிங்கை விட்டுவிட்டு இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொள்கிறவர்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பழகியவள். கோபம் வந்தால் அவள் கத்த மாட்டாள். மெதுவாக பிரேக்கில் கால் வைப்பாள்.

"அப்ப சரி. நான் அந்தப் பக்கமே எட்டிப் பாக்க மாட்டேன்" என்றாள்.

ஹாலிலிருந்து ஒரு குரல் கொடுத்ததோடு சரி, சொன்னபடியே எட்டிப் பார்க்கவில்லை. அதன் பலன், வியாழக்கிழமை மாலை பஞ்சு சமைத்த கோழி வெளியே கரிக்கட்டையாகவும், உள்ளே இன்னும் உயிர் போகாதது மாதிரியும் இருந்தது. மறுநாள் காலை அதை மனைவி கண்ணில் படாமல் ஒரு பையில் சுருட்டி எடுத்துக்கொண்டு, குடியிருப்பின் வாசலில் குப்பை வாங்கும் அம்மாவிடம் நீட்டினார். அந்த அம்மா பையைத் திறந்து பார்த்துவிட்டு, வெகுநேரம் யோசித்தாள்.

"சார், இது மக்கும் குப்பையா, மக்காத குப்பையா?"

பஞ்சுவுக்கும் தெரியவில்லை.

வெறும் டப்பாவோடு ஆபீஸ் லிஃப்டில் ஏறியபோது, கண்ணாடிக்குப் பக்கத்தில் புதிதாக ஒரு விளம்பரம் ஒட்டியிருப்பதைப் பார்த்தார். 'அடுப்படி. வீட்டுச் சாப்பாடு, வீட்டுக் கைப்பக்குவம். காலையில் சொன்னால் மதியத்துக்குள் வரும்.' கீழே ஒரு போன் நம்பர்.

லிஃப்ட் மேலே போய்ச் சேர்வதற்குள் பஞ்சுவின் மனசாட்சி கீழே இறங்கிவிட்டது.

மதியம் பேஸ்மென்ட் பார்க்கிங்கில், தூணுக்குப் பின்னால் ஸ்கூட்டர் வந்து நின்றது. ஹெல்மெட் போட்ட ஒரு அம்மா பையை எடுத்துக்கொண்டே கேட்டாள்.

"வீட்டு டப்பா கொண்டு வந்திருக்கீங்களா சார்?"

பஞ்சுவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "எ… எதுக்கு?"

"சூடு ஆறறதுக்குள்ள மாத்திடலாம்னுதான்."

கேள்வியே கேட்காமல், எலுமிச்சையும் பூண்டும் மணக்கும் கோழியை அவருடைய டப்பாவுக்கு மாற்றினாள். மூடியை மூடுவதற்கு முன்னால், கரண்டியின் நுனியால் டப்பாவின் விளிம்பில் கொஞ்சம் மசாலாவைத் தீற்றிவிட்டாள்.

"இது எதுக்கும்மா?"

"வீட்ல பண்ணினா இப்படித்தான் சார் வழியும்."

எவ்வளவு விவரமான பெண்மணி என்று வியந்துகொண்டே பஞ்சு மாடி ஏறினார்.

அன்று அவரோடு சேர்த்து இன்னும் இரண்டு பேருடைய முறை. டிசைன் பிரிவில் இருக்கும் தாடிக்காரத் தம்பி பூசணிக்காய் சூப் கொண்டுவந்திருந்தான். கணக்குப் பிரிவு அக்கா ஆப்பிள் கேக். இரண்டுமே பிரமாதம். அவற்றைச் சாப்பிடச் சாப்பிட பஞ்சுவுக்கு வெட்கமாக இருந்தது. இந்தச் சின்னப் பையன் ராத்திரி முழித்து பூசணிக்காய் நறுக்கியிருக்கிறான். இந்த அக்கா விடிகாலையில் எழுந்து மாவு பிசைந்திருக்கிறாள். நான் மட்டும்தான் இப்படி.

அப்போதுதான் கோழி டப்பா சுற்றி வந்தது. ஆளாளுக்கு இன்னொரு துண்டுக்குக் கை நீட்டினார்கள்.

"பஞ்சு சார்! இது நீங்க பண்ணினதா?" என்றாள் கணக்கு அக்கா. "பூண்டை வதக்கினீங்களா, அரைச்சுப் போட்டீங்களா?"

"ரெண்டும்" என்றார் பஞ்சு.

"கோழியை எவ்வளவு நேரம் வேக வச்சீங்க?"

இதற்கு என்ன பதில் சொல்வது? அரை மணி என்று சொல்லி, அது அபத்தமாக இருந்துவிட்டால்? புகார்ப் பிரிவில் பழகிய வாய், பிடிகொடுக்காத ஒரு பதிலைத் தானாகவே எடுத்துக் கொடுத்தது.

"அதெல்லாம் கோழியே சொல்லும்மா. நாம காது கொடுத்துக் கேக்கணும்."

நிர்வாகி மேடம் கண்ணை மூடிக்கொண்டார். "எவ்வளவு ஆழமான வார்த்தை!" என்றார்.

திங்கட்கிழமை காலை ஆபீஸ் சுவரில் 'கோழியே சொல்லும்' என்று பெரிய எழுத்தில் ஒரு தாள் தொங்கியது. தாடிக்காரத் தம்பி அழகாக வடிவமைத்திருந்தான். மெத்தை விற்பனைப் பிரிவு அதைத் தங்களுக்கு ஏற்ற மாதிரி 'தூக்கமே சொல்லும்' என்று மாற்றிக்கொண்டது. பஞ்சுவின் மேஜையைக் கடந்து போகிறவர்கள் ஒரு வணக்கம் போட்டுவிட்டுப் போக ஆரம்பித்தார்கள். இதுவரை இப்படி ஒரு ஆள் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார் என்பதையே கவனிக்காதவர்கள்.

அத்தோடு முடிந்திருந்தால்கூடப் பரவாயில்லை. கணக்கு அக்கா கார் ஓட்டக் கற்றுக்கொண்டிருந்தாள். யாரிடம் என்றால், பஞ்சுவின் மனைவியிடம்.

புதன்கிழமை மாலை மனைவி வீட்டுக்குள் வந்ததும் கைப்பையைக்கூட இறக்கி வைக்கவில்லை.

"கோழி என்னங்க சொல்லுச்சு?" என்றாள்.

பஞ்சு காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டார்.

"ரிவர்ஸ் எடுக்கறப்ப உங்க ஆபீஸ் கணக்கு அம்மா அழுதுட்டாங்க. 'உங்க வீட்டுக்காரர் கைப்பக்குவம் மாதிரி வருமா, நீங்க குடுத்து வச்சவங்க'ன்னு. பின்னாடி சுவரைப் பாக்கவே இல்ல. போய் இடிச்சுட்டாங்க." கைப்பையை நாற்காலியில் போட்டாள். "கல்யாணமாகிப் பதினஞ்சு வருஷம். நான் காய்ச்சல்ல படுத்தப்பகூட எனக்கு பிரெட்டும் பாலும்தான் கொடுத்தீங்க. இவ்வளவு வித்தையைக் கையில வச்சுக்கிட்டு, ஒரு நாள், ஒரே ஒரு நாள், எனக்குன்னு அடுப்பு பத்த வைக்கணும்னு தோணலையா உங்களுக்கு?"

அவள் கண்ணில் தண்ணீரைப் பார்த்ததும் பஞ்சு உண்மையைச் சொல்லிவிடத்தான் வாயைத் திறந்தார். ஆனால் உண்மை இவளிடம் போனால், அடுத்த டிரைவிங் வகுப்பில் கணக்கு அக்காவிடம் போகும். அங்கிருந்து நிர்வாகி மேடத்திடம் போக, நடுவில் தடுத்து நிறுத்த எந்த சிக்னலும் கிடையாது.

"உனக்கு ஒரு சர்ப்ரைஸா இருக்கட்டும்னுதான்மா…" என்றார்.

மனைவியின் முகம் மலர்ந்தது. "நிஜமாவா? அப்ப ஞாயித்துக்கிழமை அப்பாவையும் வரச் சொல்றேன்."

ஞாயிற்றுக்கிழமை மாமனார் காலையிலேயே வந்துவிட்டார். வந்ததும் பெல்ட்டை ஒரு ஓட்டை தளர்த்திக்கொண்டு சோபாவில் சாய்ந்தார்.

பஞ்சு சமையலறைக்குள் போய்க் கதவைத் தாழிட்டுக்கொண்டார். "சமைக்கறப்ப எனக்குத் தனிமை வேணும்" என்று முன்கூட்டியே சொல்லியிருந்தார். பின்பக்கம் துணி காயப்போடும் சின்ன பால்கனி. அதிலிருந்து எட்டிப் பார்த்தால் பின்பக்கச் சந்து. முதல் மாடிதான். புது வாளி ஒன்றில் கயிறு கட்டித் தயாராக வைத்திருந்தார்.

சந்தில் ஸ்கூட்டர் வந்து நின்றது. அந்த அம்மா அண்ணாந்து பார்த்தாள். துளிக்கூட ஆச்சரியப்படவில்லை.

"கயித்துல ஏத்தணுமா சார்? உயரம் கம்மிதான், பரவாயில்ல. போன வாரம் ஒருத்தருக்கு ஜன்னல் கம்பி வழியா ஒவ்வொரு கரண்டியா ஊத்திக் கொடுத்தேன்."

"மெதுவா பேசுங்கம்மா!" என்று கெஞ்சினார் பஞ்சு.

வாளி மேலே வந்தது. வந்ததும்தான் அவருக்கு உறைத்தது. சமையலறையில் சத்தமே இல்லையே! அவசரமாக ஒரு வெறும் வாணலியை அடுப்பில் வைத்துக் கரண்டியால் டொக் டொக் என்று தட்டினார். வாசனைக்காக ஒரு வெங்காயத்தைத் தோலோடு பாதியாக வெட்டி, வாணலியில் எண்ணெய் ஊற்றி அதில் போட்டார். அது படபடவென்று வெடித்து அவர் சட்டையைப் பதம் பார்த்தது.

கதவு தட்டும் சத்தம் கேட்டது. "மாப்பிள்ளை, ஏதாச்சும் நறுக்கித் தரணுமா?"

"வராதீங்க மாமா! கோழி பேசிக்கிட்டிருக்கு!"

மாமனார் சத்தமில்லாமல் ஹாலுக்குத் திரும்பிப் போய், மகளிடம், "இவருக்கு ஆபீஸ்ல வேலை ரொம்ப ஜாஸ்தியா?" என்று விசாரித்தார்.

சாப்பாடு முடிந்தபோது அந்தச் சந்தேகமெல்லாம் மாமனாருக்குப் போய்விட்டது. விரலைச் சப்பிவிட்டு, "மாப்பிள்ளை, உங்களுக்குப் பொண்ணு கொடுத்தது சரிதானான்னு எனக்கு இவ்வளவு வருஷமா ஒரு சின்ன உறுத்தல் இருந்தது. இன்னைக்குப் போயிடுச்சு" என்றார். பாராட்டா, புகாரா என்று பஞ்சுவுக்குப் புரியவில்லை. எதற்கும் இருக்கட்டும் என்று தலையை ஆட்டிவைத்தார்.

மனைவி தட்டை வழித்துச் சாப்பிட்டாள். கடைசியில் தட்டைப் பார்த்தபடியே சொன்னாள்.

"ஒருத்தர் பரிமாற, நான் உக்காந்து சூடா சாப்பிட்டு எத்தனையோ காலமாச்சுங்க."

பஞ்சு இன்னும் ஒரு துண்டை அவள் தட்டில் வைத்தார்.

அந்த ஒரு வார்த்தைக்காகவாவது நிஜமாகவே சமைக்கக் கற்றுக்கொண்டுவிட வேண்டும் என்று தீர்மானித்தார். மனைவிக்கு மாலை வகுப்பு இருந்த நாளில் முட்டையில் ஆரம்பித்தார். முட்டை வாணலியோடு ஒட்டிக்கொண்டு பிரிய மறுத்தது. வாணலியை ஊறப்போட்டார். ஊறிய வாணலியில் இருந்து கறுப்புப் பூச்சு பிரிந்து வந்ததே தவிர முட்டை வரவில்லை. அடுத்து, 'அடுப்படி'க்கே போன் செய்து செய்முறை கேட்டார். "அது மட்டும் தர மாட்டோம் சார். முதலாளியம்மா ரொம்பக் கண்டிப்பு" என்றாள் ஸ்கூட்டர் அம்மா.

இதற்கிடையில் கம்பெனியின் ஆண்டு விழா வந்தது. வாடிக்கையாளர்கள், ஊழியர்களின் குடும்பங்கள் எல்லோரும் கூடுவார்கள். ஷோரூம் ஹாலில் புது மெத்தைகளை வரிசையாகப் போட்டு வைத்திருப்பார்கள். சேர்மன் ஐயா வயசானவர். மெத்தையைச் சோதிக்கிறேன் என்று படுத்தால் எழுந்திருக்க மாட்டார். அவர் காதுக்கும் 'கோழியே சொல்லும்' போய்ச் சேர்ந்திருந்தது.

"அந்தப் பஞ்சுவை மேடையில எல்லார் முன்னாடியும் சமைக்கச் சொல்லுங்க. பாத்துடலாம்" என்று உத்தரவு போட்டார்.

நிர்வாகி மேடத்தின் முகம் வெளிறிப்போனது. "வேண்டாம் சார், ஹால்ல அடுப்பு வைக்கிறது பாதுகாப்பு இல்ல. பஞ்சு சாரும் கூச்ச சுபாவம்" என்று என்னென்னவோ சொல்லிப் பார்த்தார். ஐயா கேட்கவில்லை. என் மேல் இந்த மேடத்துக்கு எவ்வளவு அக்கறை என்று பஞ்சு நெகிழ்ந்துபோனார்.

நெகிழ்ச்சியால் கோழி வேகாது. தப்பிக்க ஒரே வழிதான் இருந்தது. விழாவுக்கு முதல் நாள், மாடிப்படியில் வழுக்கி விழுந்துவிட்டதாகச் சொல்லி வலது கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார். மனைவி பதறிப்போய், மருந்து தடவி, நோகாமல் கட்டுப் போட்டுவிட்டாள். "எழுந்திரிக்காதீங்க" என்று தானே ஊட்டியும் விட்டாள். ஒவ்வொரு வாய்க்கும் பஞ்சுவுக்கு இதயத்தில் ஒரு ஊசி.

மறுநாள் கட்டோடு போய் நின்றதும் சேர்மன் ஐயா சிரித்தார்.

"கைதானே சுளுக்கு? வாய் நல்லாத்தானே இருக்கு? நீங்க நின்னு சொல்லுங்க, அவங்க செய்யட்டும்."

அவங்க என்றால் தாடிக்காரத் தம்பியும் கணக்கு அக்காவும். பூசணிக்காய் சூப்பும் ஆப்பிள் கேக்கும் செய்த அனுபவசாலிகள். பஞ்சுவுக்குக் கொஞ்சம் உயிர் வந்தது. நான் பொதுவாக ஏதோ சொன்னால் போதும், இவர்கள் பார்த்துக்கொள்வார்கள். இருந்தாலும் எதற்கும் இருக்கட்டும் என்று ஓரமாகப் போய் 'அடுப்படி'க்கு ரகசியமாக போன் செய்தார். "மேடைக்குப் பின் வாசல் வழியா வாங்கம்மா. சமைச்சது மாதிரி ஒரு கோழி. சீக்கிரம்!"

மேடையில் ஏப்ரன் கட்டிக்கொண்டு இருவரும் நின்றார்கள். முதல் வரிசையில் மனைவி. பெருமையில் முதுகு நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் மாமனார், பெல்ட்டை இன்றைக்கும் ஒரு ஓட்டை தளர்த்தி. சேர்மன் ஐயா மேடைக்குப் பக்கத்து மெத்தையில் சாய்ந்துகொண்டார்.

"முதல்ல வெங்காயம்" என்றார் பஞ்சு, மைக்கில், கம்பீரமாக.

தாடிக்காரத் தம்பி வெங்காயத்தைக் கையில் எடுத்தான். திருப்பித் திருப்பிப் பார்த்தான். "சார்… எந்தப் பக்கத்துலேர்ந்து?" என்று கிசுகிசுத்தான்.

கூட்டத்தைப் பார்த்துப் பயந்துவிட்டான் போலிருக்கிறது என்று நினைத்தார் பஞ்சு. "உனக்குத் தெரிஞ்ச பக்கத்துலேர்ந்து ஆரம்பி."

"எனக்குத் தெரிஞ்ச பக்கமே இல்ல சார்."

அந்தப் பக்கம் கணக்கு அக்கா அடுப்பின் திருகை முழுக்கத் திருப்பிவிட்டு, லைட்டரை எட்ட நின்று நீட்டினாள். பக்கென்று நெருப்பு எழும்பியது. அவள் உடனே லைட்டரை விட்டுவிட்டு இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டாள்.

"பிரேக்! பிரேக்!" என்று முதல் வரிசையிலிருந்து பஞ்சுவின் மனைவி கத்தினாள், பழக்க தோஷத்தில்.

"எண்ணெய் ஊத்துங்க" என்றார் பஞ்சு, வியர்வை வழிய.

"எவ்வளவு சார்?"

"அது… எண்ணெயே சொல்லும்."

தாடிக்காரத் தம்பி பாட்டிலைக் கவிழ்த்துவிட்டு, எண்ணெய் ஏதாவது சொல்லுமா என்று காத்திருந்தான். அது ஒன்றும் சொல்லவில்லை. பாட்டில் காலியாகிவிட்டது. அதில் கணக்கு அக்கா, கழுவிய ஈரத்தோடு முழுக் கோழியைத் தூரத்தில் இருந்தே பந்து போடுகிற மாதிரி எறிந்தாள்.

கோழி அப்போதுதான் பேசியது. சடசடவென்று, எல்லோருக்கும் கேட்கும்படி.

புகை குபுகுபுவென்று கிளம்பிக் கூரையைத் தொட்டது. கூரையில் இருந்த அபாய மணி அலறியது. அடுத்த வினாடி, தீயணைக்கும் குழாய்கள் எல்லாம் ஒரே சமயத்தில் திறந்துகொண்டு ஹால் முழுக்க மழை கொட்டியது. விலை உயர்ந்த புது மெத்தைகள் தண்ணீரைக் குடித்து உப்பின. அடுப்பு அணைந்துபோனது. குறட்டை விட்டுக்கொண்டிருந்த சேர்மன் ஐயா எழுந்து உட்கார்ந்து, "யாரு ஜன்னலைத் திறந்தது?" என்று கேட்டுவிட்டு, பக்கத்தில் இருந்த தலையணையைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு மறுபடி படுத்துவிட்டார்.

பஞ்சுவின் கைக்கட்டு நனைந்து அவிழ்ந்து தொங்கியது. அதைத் தடுக்க, சுளுக்கிய வலது கையையே வேகமாகச் சுழற்றிக் கட்டைச் சுற்ற ஆரம்பித்தார். சுற்றிக்கொண்டே நிமிர்ந்தவர், மனைவி அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருப்பதைப் பார்த்தார்.

இனிமேல் சுற்ற ஒன்றும் இல்லை. குழாய்கள் ஓய்ந்ததும் பஞ்சு மைக்கைப் பிடித்தார்.

"எனக்கு சமைக்கத் தெரியாது" என்றார். "அந்தக் கோழி நான் பண்ணினது இல்ல. 'அடுப்படி'ன்னு ஒரு இடத்துலேர்ந்து வாங்கி என் டப்பாவுல மாத்திக் கொண்டு வந்தேன். கோழி என்கிட்ட எதுவும் சொன்னதும் இல்ல. ஞாயித்துக்கிழமை வீட்லயும் அதேதான்." பிறகு மைக்கைக் கீழே இறக்கி, மனைவியைப் பார்த்து, "கையும் சுளுக்கலைம்மா" என்றார்.

முகத்தில் வழிந்த தண்ணீரைத் துடைத்துக்கொண்டே மனைவி எழுந்து மேடைக்கு அருகில் வந்தாள்.

"நிஜமாவே சமைக்கத் தெரியாதா?"

"ஒரு முட்டைகூட வராது. அந்த வாணலியைக் கட்டிலுக்கு அடியில ஒளிச்சு வச்சிருக்கேன்."

"அப்ப பதினஞ்சு வருஷமா என்கிட்ட மறைக்கலை?"

"மறைக்கிறதுக்கு என்ன இருந்தது?"

அவள் முகத்தில், இத்தனை நாளாக எங்கேயோ இழுத்துப் பிடித்திருந்த ஏதோ ஒன்று தளர்ந்தது. சிரிப்பு வந்தது. "அது போதும்ங்க" என்றாள். "நாளைக்குக் காலைல சமையலறைக்கு வாங்க. முதல் கியர்லேர்ந்து ஆரம்பிக்கலாம்."

"அப்ப இனிமே ஞாயித்துக்கிழமை சாப்பாடு?" என்று கவலைப்பட்டார் மாமனார்.

அவருக்குப் பதில் சொல்வதற்குள் மேடையில் ஒரு விசும்பல் கேட்டது. தாடிக்காரத் தம்பி.

"சார், நீங்க நிஜமா சமைச்சீங்கன்னு நினைச்சு எனக்குத் தூக்கமே வரல சார். அந்தப் பூசணிக்காய் சூப்பும் அடுப்படிதான்."

"ஐயோ!" என்றாள் கணக்கு அக்கா. "என் கேக்கும் அங்கேர்ந்துதான்! வீட்ல யாருக்கும் தெரியக் கூடாதுன்னு ஜன்னல் கம்பி வழியா கரண்டி கரண்டியா ஒரு குழம்பு வேற வாங்கினேன்!"

கூட்டத்திலிருந்து ஒவ்வொரு கையாக உயர்ந்தது. விற்பனைப் பிரிவு. குடோன். வரவேற்பறைப் பெண். காவலுக்கு நிற்பவர். எல்லோருமே அடுப்படி. எல்லோருமே பேஸ்மென்ட் தூணுக்குப் பின்னால் நின்றவர்கள். அடுத்தவர் எல்லாம் யோக்கியர், நான் ஒருத்தன்தான் திருடன் என்று இத்தனை வெள்ளிக்கிழமையும் குனிந்த தலையோடு சாப்பிட்டவர்கள். ஒருவரை ஒருவர் பார்த்து, நனைந்த கோலத்தில் வயிறு குலுங்கச் சிரித்தார்கள்.

சிரித்து முடித்ததும்தான் நிர்வாகி மேடத்தின் ஞாபகம் வந்தது. வருஷக் கடைசி மதிப்பீடு எல்லோர் கண்ணிலும் ஒரு முறை வந்து போனது.

மேடம் மெதுவாக மேடை ஏறினார். நனைந்த புடவைத் தலைப்பைப் பிழிந்துவிட்டு, மைக்கைத் துடைத்தார்.

"நான் யார் மேலயும் கோபப்படல" என்றார், கருணை ததும்பும் குரலில். "ஒண்ணா உக்காந்து சாப்பிட்டோம், ஒருத்தரை ஒருத்தர் பாராட்டினோம். அதுதானே முக்கியம்? இதை யார் பேர்லயும் குறிச்சு வைக்க மாட்டேன். வெள்ளிக்கிழமைச் சாப்பாடும் நிக்கக் கூடாது. வீட்ல பண்ண முடியாதவங்க, அந்த அடுப்படியோ என்னவோ சொன்னீங்களே, அங்கேயே வாங்கிக்கோங்க. தப்பே இல்ல."

இடி முழக்கமாகக் கை தட்டினார்கள். இந்த முறை மனசார. இப்படி ஒரு தங்கமான மனுஷிக்குத் துரோகம் செய்துவிட்டோமே என்று பஞ்சுவுக்குக் கண் கலங்கிவிட்டது.

அந்தக் கைதட்டல் அடங்குவதற்குள், மேடைக்குப் பின் வாசல் கதவைத் தோளால் தள்ளிக்கொண்டு, சூடான கோழிப் பாத்திரத்தோடு ஸ்கூட்டர் அம்மா உள்ளே வந்தாள். ஹெல்மெட்டின் கண்ணாடியை மேலே தூக்கி, கரிந்த வாணலியையும் கூரை வரை நிற்கும் புகையையும் பார்த்தாள். பிறகு மைக்கைப் பிடித்து நின்ற நிர்வாகி மேடத்திடம் பதறிப்போய்க் கேட்டாள்.

"என்ன முதலாளியம்மா, இவங்க நிஜமாவே சமைக்க ஆரம்பிச்சுட்டா நம்ம அடுப்படியை மூடிட வேண்டியதுதானா?"